விரும்பி ஆடிய கேம் தொடராக வந்து ஏமாற்றினால் அதை விமர்சிப்பது எப்படி?

நெடுநாள் ஆடிய வீடியோ கேம் ஒன்று தொலைக்காட்சித் தொடராக வந்து ஏமாற்றும்போது, முதலில் வாயில் வருவது 'கேமில் இப்படி இல்லையே' என்ற பேச்சுத்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த கேமைத் தொட்டிராதவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. ஆடியவருக்கோ அது ஏற்கெனவே தெரியும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நெற் கபே நாற்காலிகளில் வளர்ந்து, இப்படியான ஏமாற்றத்தை உருப்படியாக எழுத்தில் வைக்க விரும்புகிறவர்களுக்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஹேலோ என்ற விண்வெளிச் சுடும் கேமை எடுத்துக்கொள்வோம். 2001இல் எக்ஸ்பொக்ஸுக்கும் 2003இல் கணினிக்கும் வந்த அந்த கேமின் தொடர், 2022 மார்ச் 24 அன்று பரமவுண்ட் பிளஸ் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் தொடங்கி, இரண்டு பருவங்களில் 17 அத்தியாயங்கள் ஓடி, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. அது தொடங்கிய மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது என்பதால், அப்போது வந்த எரிச்சலில் தொடருக்குரியது எவ்வளவு, இருட்டுக்குரியது எவ்வளவு என்பதையும் நேர்மையாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதத் தொடங்குமுன், அந்த கேமில் உங்கள் கை என்ன செய்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். ஹேலோவில் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் சுமக்க முடியாது. மூன்றாவதை எடுக்க விரும்பினால் கையிலிருப்பதில் ஒன்றைக் கீழே போட்டாக வேண்டும். முதல் கேமின் துப்பாக்கியில் எஞ்சியிருக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை, அதன் பின்புறத்திலேயே 60இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். கவசத்தின் காப்பு தீர்ந்ததும் எச்சரிக்கை ஒலி அடிக்கத் தொடங்கும். உடனே ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, திரையின் மேலே உள்ள கோடு மறுபடி நிரம்பும்வரை சில வினாடிகள் சும்மா இருக்க வேண்டும். அடுத்து எந்தப் பக்கம் ஓடுவது, யாரை முதலில் வீழ்த்துவது, இருக்கும் ஒரேயொரு கிரனேட்டை எப்போது எறிவது என்பதெல்லாம் அந்த வினாடிகளில்தான் தீர்மானமாகும். ஹேலோவை மற்றைய சுடும் கேம்களிலிருந்து பிரித்துக் காட்டியது அந்தப் பதுங்கலே என்பது என் கருத்து.

'தொலைக்காட்சியில் ஆட முடியாதே, பிறகு அந்த அனுபவத்தை எப்படி எதிர்பார்ப்பது?' என்று யாரேனும் இந்த இடத்தில் மறித்துக் கேட்பார்கள். அதற்கான விடை நெற் கபேயிலேயே இருக்கிறது. அங்கே ஒருவர் ஆடுவார். முறைக்குக் காத்திருப்பவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். 'மச்சான், பின்னால வாறான் பாரு', 'கிரனேட்ட வச்சிரு, இப்ப எறிஞ்சிராத' என்று அவர்கள் போடும் சத்தத்தில் ஆடுகிறவருக்குக் கேமின் ஒலியே கேட்காது. விசைப்பலகையைத் தொடாமலே அவர்கள் அந்த கேமை முழுமையாக இரசித்தார்கள். அவர்கள் பார்த்தது, நெருக்கடிக்குள் இன்னொருவர் எடுக்கும் முடிவுகளை. ஆகவே, நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்குக் கிடைத்தது தொடரைப் பார்ப்பவருக்கும் கிடைத்ததா என்று கேட்டால், உங்கள் விமர்சனத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, அதிகம் பேசப்பட்ட குறையையே சோதித்துப் பாருங்கள். கேமில் நாம் ஆடும் கவச வீரரான மாஸ்டர் சீஃப் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டார் என்பதுதான் பலருடைய கோபம். அத்துடன் நிறுத்தினால் அது பலவீனமான வாதம். முதல் கேமின் முடிவில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றத்தான் செய்கிறார். கமரா விலகிப்போவதால் நமக்கு முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான். தொடரில் அவர் அதைக் கழற்றுவதோ, க்வான் ஹா என்ற பெண்ணைக் கொல்லும்படி வந்த கட்டளையை மீறி, அவளுடைய நம்பிக்கையைப் பெறுவதற்காக. அது ஒரு முடிவு. நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரும் அதைப் பார்த்துப் பதறியிருப்பார். அந்தக் காட்சியை நான் குறைகூற மாட்டேன். பிசகு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழம்பொருள் ஒன்றைத் தொட்டதால் கிளர்ந்தெழுந்த சிறுவயது நினைவுகள் அவரை இழுத்துச்செல்ல, கண்முன்னால் இருக்கும் ஆபத்தை எடைபோட்டு அவரே தேர்ந்தெடுக்கும் சந்தர்ப்பங்கள் அருகிவிடுகின்றன. சண்டைகளில் அவருடைய கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதுபோன்ற காட்சிகளும் வருகின்றன. கேமின் திரை அப்படியே வந்துவிட்டது. ஆனால் காப்பு தீர்கிறதே என்ற பதற்றம் எனக்கு ஒருமுறைகூட எழவில்லை.

இன்னொன்று, காலக்கணக்கு. கேமின் இரண்டாவது கட்டத்திலேயே நாம் ஹேலோ என்ற அந்த மாபெரும் வளையத்தில் இறங்கிவிடுகிறோம். தொடரிலோ மாஸ்டர் சீஃப் அதில் கால் வைப்பது 2024 மார்ச்சில் வந்த இறுதி அத்தியாயத்தில். அத்துடன் தொடரே முடிந்துவிட்டது. இத்தகைய தகவல் கையில் இருக்கும்போது பெயரடைகளை அடுக்கத் தேவையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும், வாசகர் தானே தலையில் கை வைப்பார்.

கதை மாறியதே குற்றம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் பகுதியில் வடமோடிக் கூத்தானாலும் தென்மோடிக் கூத்தானாலும் களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு அபிமன்யு என்ன ஆவான் என்பது பாத்திரங்களின் வரவு தொடங்குமுன்பே தெரியும். விடியவிடிய இருப்பது ஆடுகிற விதத்தைப் பார்ப்பதற்காக. 2013இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' கேமில், தன் துணைவனான பில்லை வெறுத்துப் பிரிந்து இறந்துபோன ஃபிராங்க் ஒரு கசப்பான கடிதத்தை மட்டுமே விட்டுச்செல்கிறான். 2023இல் வந்த தொடரின் மூன்றாவது அத்தியாயம் அதை அப்படியே புரட்டி, இருவரும் முதுமைவரை சேர்ந்து வாழ்ந்த கதையாக்கியது. இவ்வளவு பெரிய மாற்றத்தையும் பழைய இரசிகர்கள் பலர் ஏற்றுக்கொண்டார்கள். காரணம், அதிலும் ஒருவர் மற்றவருக்காக எடுக்கும் முடிவுகளே நம்மைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹேலோ தொடரை உருவாக்கியவர்கள் அதை 'சில்வர் டைம்லைன்' என்ற தனிக் காலவரிசை என்று முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். ஆகவே எந்தக் கிரகத்தில் யார் இறந்தார் என்ற பட்டியலை நீட்டி வழக்காட முடியாது.

நடிகர்களைத் திட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். மாஸ்டர் சீஃபாக வந்த பாப்லோ ஷ்ரைபர், தமக்குத் தரப்பட்ட திரைக்கதையைத்தான் நடித்தார். மாஸ்டர் சீஃபுக்குத் துணையாக வரும் செயற்கை நுண்ணறிவான கோர்ட்டானாவுக்கு முதல் கேமில் குரல் கொடுத்த ஜென் டெய்லரே தொடரிலும் அந்தக் குரலைத் தந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தக் குரல் ஒலித்தபோதெல்லாம் கோபம் சற்றுத் தணிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முடிக்கும்போது, யார் எதைப் பார்க்கலாம் என்று திட்டமாகச் சொல்லுங்கள். கேமை ஆடியிராத ஒருவர் என்னிடம் கேட்டால், முழுத் தொடரையும் பார்க்கச் சொல்ல மாட்டேன். இரண்டாம் பருவத்தின் நான்காவது அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்வேன். ரீச் கிரகம் தாக்கப்படும் அந்த அத்தியாயத்தில் மாஸ்டர் சீஃபிடம் கவசமே இல்லை. ஒவ்வொரு மூலையிலும் பதுங்கித்தான் நகர வேண்டியிருக்கிறது.