கண்ணில் லென்ஸ் நகர்ந்த குழந்தை: ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்பே நடக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு பி.ஜி. மாணவர் லென்ஸ் நகர்ந்த ஒரு குழந்தையின் கேஸ் ஷீட்டில் 'மார்ஃபான்' (இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பரம்பரை நோய்) என்று ஒற்றை வார்த்தை எழுதி ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்திருந்தார். பழைய நான்தான் ஞாபகத்துக்கு வந்தேன். கண் பாப்பாவைச் சரியாக விரிக்காமல் பார்ப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஒல்லி, உயரம் என்றால் மார்ஃபான்தான்

இந்த ஒன்று இன்றும் எனக்கு எரிச்சலூட்டும். ஹோமோசிஸ்டினூரியா, அதாவது ஹோமோசிஸ்டின் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிடும் பரம்பரை நோய் உள்ள குழந்தைக்கும் அதே ஒல்லி உடம்பு, அதே நீண்ட கைகால். மார்ஃபானில் லென்ஸ் மேலே வெளிப்பக்கம் ஏறும், இதில் கீழே மூக்குப் பக்கம் இறங்கும் என்று படித்திருப்போம். ஆனால் திசையை மட்டும் வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. நான் பயிற்சியில் இருந்தபோது வந்த பையனுக்கு லென்ஸ் மேலேதான் ஏறியிருந்தது, படிப்பில் மந்தம் என்று அம்மா சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. ஆபரேஷன் அன்று காலை மயக்க மருந்து டாக்டர்தான் கேட்டார், "அப்பா அம்மா சொந்தமா?" தாய்மாமனையே கட்டியிருந்தார் அந்த அம்மா. மார்ஃபானுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுதான மரபணுவே போதும், ஹோமோசிஸ்டினூரியாவுக்கு இருவரிடமிருந்தும் வர வேண்டும். அதனால்தான் நம்மூரில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம். கேஸை நிறுத்தி ரத்தம் அனுப்பினோம், ஹோமோசிஸ்டின் எக்கச்சக்கம். அந்த நிலையில் மயக்கம் கொடுத்திருந்தால் ரத்தம் உறைந்து நுரையீரலோ மூளையோ அடைபட்டிருக்கலாம், மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு போயிருந்தால் ஹோமோசிஸ்டின் அளவு இன்னும் ஏறியிருக்கும். பி6 மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு என்று அளவை இறக்கிய பிறகே, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டு ஆபரேஷன் செய்தோம். எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனை விஷயம்!

எக்கோ (இதய ஸ்கேன்) இல்லாமல் தேதி

மார்ஃபான் உறுதியானாலும் அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி) வேர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியாமல் மேஜையில் ஏற்றாதீர்கள்.

நகர்ந்தாலே வெட்டுவது

கண்ணாடியில் பார்வை தேறினால் பொறுக்கலாம். அதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் சின்னக் குழந்தைக்குக் கண் சோம்பேறியாகிவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தும் பயனில்லை.

10-0 ப்ரோலீன் தையல் நூல்

எட்டு வயதுக் கண்ணில் செயற்கை லென்ஸை அந்த மெல்லிய நூலை நம்பித் தொங்கவிட்டால், சில வருஷம் கழித்து நூல் அறுந்து லென்ஸ் சரிந்து வந்து நிற்பான். தடித்த நூல் எடுங்கள். இல்லையென்றால் சென்னையில் கண் மருத்துவர் அமர் அகர்வால் 2007-இல் தொடங்கிய பசை முறை மாதிரி நூலில்லாத வழியைப் பாருங்கள்.

வெயில்-மார்ச்சசானியில் பைலோகார்பின்

சின்ன உருண்டை லென்ஸ் கண் பாப்பாவை அடைக்கக்கூடிய பரம்பரை நோய் இது. பாப்பாவைச் சுருக்கும் இந்தச் சொட்டு மருந்தைப் போடவே போடாதீர்கள். அடைப்பு இன்னும் இறுகும்.