கவுன்சிலிங் கத்துக்கறவிங்களுக்கு ஒண்ணு

பல்லடம் பக்கம் தறிக்குடும்பங்களைப் பாக்கற வேலைக்குப் புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான் மொதல்ல சொல்றது, ஆறுதல் சொல்ல அவசரப்படாதீங்க. "எல்லாஞ் சரியாப் போயிருமுங்க"ன்னா அவிங்க பேச்சு அங்கயே நின்னுரும். சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்க. ஒருக்கா ஒரு அம்மிணி முந்தானையத் திருகிட்டே கடனைப் பத்தி மட்டும் சொல்லிட்டிருந்தாங்க, "எல்லாத்தையும் ஒத்தையாளாச் சமாளிக்கறீங்களாட்ட இருக்குதுங்க"ன்னு சொல்லிப்போட்டுப் பத்து செகண்ட் சும்மா இருந்தேன், அப்பத்தான் ஊட்டுக்காரரு அடிக்கறதே வெளிய வந்துது, ஒடனே பொம்பளைங்களுக்கான உதவி எண் 181ஐக் குடுத்தேன். "ஏன் இப்படிப் பண்ணீங்க"ன்னு கேக்காதீங்க, குத்தஞ்சொல்றாப்ல இருக்கும், "என்ன ஆச்சுங்க"ன்னு கேளுங்க. சாகலாமுன்னு தோணுதான்னு சந்தேகம் வந்தா நேராவே கேட்ருங்க, கேக்கறதால தூண்டிவுட்டதா ஆகாது. மனசு கஷ்டத்துக்குன்னு கவர்மெண்ட் நடத்தற போன் உதவி டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாமுங்க.