‘ப்ராபப்ளி’யைச் சரியாகச் சொல்வது எப்படி? ஏற்காட்டு மழையிலிருந்து ஆரம்பிப்போம்

ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் தம்பி என்னிடம் ஆங்கிலம் படிக்கிறார். பகோடா பாயிண்டுக்குக் கிளம்பிய விருந்தாளி ஒருவர், மழை வருமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். மேகம் கருத்து நிற்கிறது; எப்படியும் வந்துவிடும் என்று இவருக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது ‘மேபி’. விருந்தாளி குடை எடுக்காமல் போய் நனைந்து திரும்பினார். அங்கே சொல்ல வேண்டியது ‘ப்ராபப்ளி’.

படி 1: அளவைப் பிடியுங்கள்

‘மேபி’ என்றால் ஒருவேளை. ‘ப்ராபப்ளி’ என்றால் அநேகமாக. பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயரான ப்ராபபிலிட்டியும் இதே குடும்பம்தான். பையில் 10 பந்து, அதில் 8 சிவப்பு. கையை விட்டால் சிவப்பு வருமா? ‘ப்ராபப்ளி’. நாணயத்தைச் சுண்டினால் தலை விழுமா? அதற்கு ‘மேபி’தான்.

படி 2: இடத்தைப் பிடியுங்கள்

தமிழில் ‘அநேகமாக’ பெரும்பாலும் வாக்கியத்தின் முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் இது நடுவில் உட்காரும். ‘வில்’ இருந்தால் அதற்குப் பின்னால்:

‘தி பஸ் வில் ப்ராபப்ளி பி லேட்.’ (பஸ் அநேகமாகத் தாமதமாகத்தான் வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டுமே!)

‘இஸ்’, ‘ஆர்’ இருந்தாலும் அப்படியே, அவற்றுக்குப் பின்னால். வெறும் வினைச்சொல் மட்டும் இருந்தால் அதற்கு முன்னால்: ‘ஷி ப்ராபப்ளி நோஸ்.’ அவளுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும்.

எதிர்மறையில் மட்டும் இடம் மாறும். ‘வோன்ட்’டுக்கு முன்னால் வர வேண்டும்: ‘இட் ப்ராபப்ளி வோன்ட் ரெயின்.’ இதைத் திருப்பி ‘வோன்ட் ப்ராபப்ளி’ என்று சொன்னால் காதில் உறுத்தும்.

படி 3: ‘பெரும்பாலும்’ என்றால் கவனம்

அகராதியில் இந்தப் பொருளும் இருக்கும். ஆனால் ‘பெரும்பாலும் காபிதான் குடிப்பேன்’ என்பது பழக்கம், அதற்கு ‘யூஷுவலி’. ‘பெரும்பாலும் நாளைக்கு வருவேன்’ என்பது ஊகம், இதற்குத்தான் ‘ப்ராபப்ளி’. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘அநேகமாக’வைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் சரி.

படி 4: உச்சரிப்பு

ப்ரா-பப்-ளி. அழுத்தம் முதல் அசையில். வேகமாகப் பேசுகிறவர்கள் ‘ப்ராப்ளி’ என்று சுருக்குவார்கள். கேட்டால் குழம்ப வேண்டாம்.

படி 5: எழுதிப் பாருங்கள்

‘அவர் இப்போது அநேகமாகச் சேலத்தில் இருப்பார்.’ இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

‘வில்’ போட்டீர்களா? ‘இருப்பார்’ எதிர்காலம் போலத் தெரிந்தாலும் நாம் ஊகிப்பது இந்த நேரத்தைப் பற்றி. ‘வில்’ போட்டாலும் தப்பில்லை. ஆனால் பேச்சில் இயல்பாக வருவது இதுதான்: ‘ஹி இஸ் ப்ராபப்ளி இன் சேலம் நவ்.’