கந்தோர் மாற்றம்: பால் காய்ச்சுகிற நாள் வேறு, வேலை தொடங்குகிற நாள் வேறு

விடிய ஐந்தரைக்குப் பால் பொங்கியது. ஐயர் மணியை வைத்துவிட்டுப் புறப்பட்டார். எட்டரைக்கு எல்லாரும் புதுக் கந்தோரில் அவரவர் கதிரையில் இருந்தோம். ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. முதல் நாள் அமைதியாகத்தான் போகிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிபோல, பழைய கட்டடத்துக்குக் கீழே தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் தம்பி என் கைத்தொலைபேசிக்கு எடுத்தான்.

"அண்ணை, மேல உங்கட போன் காலமை துவங்கினது, இன்னும் நிக்கேல்ல. கதவு பூட்டிக் கிடக்கு."

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் இருந்த பழைய மாடியிலிருந்து புது இடமான திருநெல்வேலிக்கு நாலு கிலோமீற்றர்கூட வராது. மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டன. 021இல் தொடங்கும் எங்கள் இலக்கம் மட்டும் வரவில்லை. இணைப்பை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தது முந்திய வாரம்தான். கணக்கு வேலை செய்கிற சின்னக் கந்தோர் எங்களுடையது. இருபது வருசமாக வாடிக்கையாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்த இலக்கம், பூட்டிய அறைக்குள் கிடந்து பதினொரு நாள் அடித்தது.

பிழை எங்கே என்று பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது. கந்தோர் மாற்றத்தை வீடு மாறுவதுபோலச் செய்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு நல்ல நாள், ஒரு வாகனம், நாலு பெடியள் போதும். குசினியில் பால் பொங்கினால் குடிபுகுந்தாயிற்று. மிச்சத்தைப் பாயில் படுத்துக்கொண்டு ஆறுதலாக ஒழுங்குபடுத்தலாம். கந்தோரில் அது சரிவராது. கொஞ்சக் காலத்துக்கு அது இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் யோசனை: பால் காய்ச்சுகிற நாளையும் வேலை தொடங்குகிற நாளையும் பிரித்துவிடுங்கள். சாத்திரியார் குறித்துத் தருகிற நாளில் சாமிப்படம், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாலைக் காய்ச்சுங்கள். நல்ல நேரத்தில் கால் வைத்தாயிற்று, அம்மாவுக்கும் திருப்தி. அப்புறம் வயர்மன், இணைய இணைப்புக்காரர், பெயின்ற் அடிக்கிறவர் எல்லாரும் வந்து போகட்டும். வேலையை இரண்டு மூன்று கிழமை கழித்து, எல்லாம் ஓடுகிறது என்று கண்ணால் கண்டபிறகு கொண்டுபோகலாம். இதை முதலே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு நாளும் மிஞ்சியிருக்கும்.

திகதி பார்ப்பதில்

வேலையை மாற்றும் திகதிக்குப் பஞ்சாங்கத்தைவிட வரிக் கலண்டரைத்தான் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். பெறுமதி சேர் வரி கட்டுகிறவர்களுக்கு 20ஆம் திகதி. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் மிகைக்கட்டணம். மாதக் கடைசி சம்பளத்தோடு போய்விடும். இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தால் 21க்கும் 25க்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளிதான் கிடைக்கிறது. பலர் செய்வது நேர்மாறு. "வாடகை மாதக் கடைசியோட முடியுது" என்று 30ஆம் திகதி மாறுவார்கள். அரை மாத வாடகை கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை என்பது என் கணக்கு.

போயா (பௌர்ணமி) விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும். சாமான் ஏற்ற நல்ல நாட்கள். ஆனால் அன்றைக்கு மின்சாரக்காரரும் வரமாட்டார், இணையக்காரரும் வரமாட்டார். அவர்களுடைய வேலை அதற்கு முதலே முடிந்திருந்தால் மட்டும் விடுமுறையை நம்புங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பலர் இடம் மாறமாட்டார்கள். அதனால் தையிலும் ஆவணியிலும் எல்லாருமாகக் கிளம்புவார்கள்; பட்டா, கன்ரர் லொறிகள் பிடிக்க அலைய வேண்டும். நல்லூர்ப் பக்கம் போகிறவர்கள் கந்தசாமி கோயில் திருவிழாவையும் கணக்கில் எடுங்கள். ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறினால், ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் அலுமாரியோடு கன்ரரை அங்கே கொண்டுபோய் நிற்பாட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. திறந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கோப்புகளை ஏற்றினால், மேலே எத்தனை படங்கு கட்டினாலும் அடியில் இருக்கிற கட்டு நனைந்துதான் இறங்கும்.

வீட்டுக்காரர் கனடாவில்

யாழ்ப்பாணத்தில் கந்தோருக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ குடியிருந்த வீடுதான். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். திறப்பு அவருடைய பெரியம்மா மகனிடம் இருக்கும். அவர் நல்ல மனிசன், "நீங்கள் பயப்படாம இருங்கோ" என்பார். நீங்கள் கொஞ்சம் பயப்படுவது நல்லது. குத்தகை எழுத அவரிடம் அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா, அது பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது. வெள்ளைக் கடுதாசியில் கையெழுத்து வாங்கி, இரண்டு வருச முற்பணமும் கொடுத்து, ஏசியும் பூட்டினபிறகு "அண்ணா கோடை லீவுக்கு வாறாராம், வீடு வேணுமாம்" என்று செய்தி வந்தால் இன்னொரு முறை மாற வேண்டியதுதான்.

குடியிருந்த வீட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, மின்சாரம். வீட்டுக்கு எடுத்த 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு 230 வோல்ற்றில் ஏறத்தாழ 6,900 வாற் தாங்கும். மூன்று ஏசி, எட்டுக் கணினி, ஒரு லேசர் பிறின்ரர் ஓடுகிற நேரத்தில் யாராவது 2,000 வாற் கேத்திலைப் போட்டால் போதும், பிரேக்கர் விழும். எங்களுக்கு முதல் கிழமை தேத்தண்ணி நேரமும் இருட்டு நேரமும் ஒன்றாகத்தான் இருந்தன. இணைப்பைக் கூட்டவும், வீட்டுக் கட்டண வகையிலிருந்து பொதுத்தேவை வகைக்கு மாற்றவும் மின்சாரக் கந்தோரில் விண்ணப்பம் போட வேண்டும். மின்பட்டியல் பெரும்பாலும் சொந்தக்காரர் பேரில் இருப்பதால் அதற்கும் கனடாவிலிருந்து கடிதம் வர வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் நாள் பிடிக்கும்.

இணையத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். "இந்த ரோட்டில பைபர் இருக்கு" என்பார்கள். ரோட்டில் இருக்கும், உங்கள் ஒழுங்கைக்குள் வந்திராது. முற்பணம் கொடுக்க முதல் வீட்டிலக்கத்தைச் சொல்லி நேரே விசாரியுங்கள். புது இணைப்பு வந்து ஒரு கிழமை ஒழுங்காக ஓடும்வரை பழையதை வெட்ட வேண்டாம். சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பெட்டிக்குள் போனது என்ன

எங்கள் மட்டைப் பெட்டிகளில் ஏழில் 'பலதும்' என்று எழுதியிருந்தது. கட்டும்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. முதல் நாள் மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தோடு வந்து நின்றார். இரண்டு வரிதான், கையெழுத்தும் வைத்தாயிற்று. கம்பனி முத்திரையைக் காணவில்லை. நாங்கள் மூன்று பேர் நிலத்தில் இருந்து 'பலதும்' பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். ஏசி ரிமோட் வந்தது, போன வருசக் கலண்டர் வந்தது, யாருடையதோ ஒற்றைச் செருப்பும் வந்தது. முத்திரை ஐந்தாவது பெட்டியில், சீனிப் போத்தலுக்குள். உடையக்கூடாது என்று யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

முத்திரை, காசோலைப் புத்தகம், அலுமாரித் திறப்புகள், கடவுச்சொல் எழுதிய கொப்பி, ரவுட்டர், ஒரு நீட்டு வயர், தேயிலை. இவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி வைத்து, அதைப் பொறுப்பானவர் தன் ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோகட்டும். மற்றவற்றுக்கு அறைக்கு ஒரு நிறமாக ரேப் ஒட்டினால் போதும்.

சேர்வரைத் தளபாடத்தோடு ஏற்றாதீர்கள். லாண்ட்மாஸ்டர் பெட்டி குலுக்குகிற குலுக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது. காரின் பின் சீற்றில் தலையணை வைத்துக் கொண்டுபோகலாம். அதற்கு முதல் தரவு முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறு வாகனத்தில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பிரதி எடுத்தால் மட்டும் காணாது. அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதிகளும் உண்டு. வயர்களைக் கழற்ற முதல் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

விலாசம்

நாலு கிலோமீற்றருக்குள் சபையே மாறிவிடுகிறது. ஆஸ்பத்திரி வீதி மாநகர சபைக்குள், திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள். வியாபார உரிமம், பெயர்ப்பலகை அனுமதி எல்லாம் புது இடத்தில் கேட்க வேண்டும். தனியார் கம்பனி என்றால், பதிவு அலுவலகம் மாறுவதைக் கம்பனிகள் பதிவாளருக்குப் படிவம் 13இல் அறிவிக்க வேண்டும். வங்கி, இறைவரித் திணைக்களம், தொழில் திணைக்களம் மூன்றுக்கும் தனித்தனிக் கடிதம். இதிலே பலர் விடுகிற பிழை ஒழுங்குமுறையில்: இரண்டாயிரம் கடிதத் தலைப்பை அச்சடித்த பிறகுதான் புது வீட்டிலக்கம் சரியா என்று பார்ப்பார்கள். மதில் இலக்கம் ஒன்றும் மின்பட்டியல் இலக்கம் வேறொன்றுமாக இருக்கிற வளவுகள் இங்கே தாராளம். கூகுள் வரைபடத்தில் பழைய புள்ளியை மாற்றுவது ஐந்து நிமிச வேலை, அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஊழியர்களுக்கு முடிந்த அளவு முன்கூட்டிச் சொல்லுங்கள். வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு நாலு கிலோமீற்றர் என்பது இன்னொரு பஸ்ஸாகவும், பின்னேரம் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியுமா என்ற கேள்வியாகவும் இருக்கலாம்.

பழைய இடத்துத் திறப்பைப் போகிற அன்றே கொடுக்காமல் இரண்டு கிழமை வைத்திருங்கள். மின்மானி வாசிப்பைப் படம் எடுங்கள். கதவில் புது விலாசமும் கைத்தொலைபேசி இலக்கமும் ஒட்டும்போது பெரிய எழுத்தில், லாமினேற் பண்ணி ஒட்டுங்கள். நாங்கள் சாதாரணக் கடுதாசியில் ஒட்டியது முதல் மழைக்கே மை கரைந்து வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்கள் ஆட்களுக்கு வழி சொன்னது கீழே இருந்த தேத்தண்ணிக்கடைத் தம்பிதான். வந்தவர்களில் அரைவாசிப் பேர் அங்கே ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.