வீல்சேரில் வயதாகும்போது முதலில் தோளைப் பாருங்கள்

அணைக்கட்டு பக்கம் புளியமரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டபோது எனக்கு 24 வயது. இப்போது 56. வேலூர் பாகாயத்தில், டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில்தான் பயிற்சி எடுத்தேன். அவரும் விபத்துக்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவதில் அப்போது என்னை மிஞ்ச ஆளில்லை. 52 வயதில் வலது தோள் முடங்கிவிட்டது. சட்டை போடவே மனைவி வேண்டியிருந்தது. கால் செய்யும் வேலையையும் நமக்குத் தோள்தானே செய்கிறது? வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

உட்கார்ந்தே இருப்பதால் புண் வராமலிருக்க, கை ஊன்றி உடம்பைத் தூக்குவதற்குப் பதில் முன்னால் குனியுங்கள். முதலில் வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் சின்னச் சக்கரம் முன்பக்கம் திரும்பும், வண்டி கவிழாது. பிரேக் போட்டு, முழங்கையைத் தொடைமேல் வைத்து இரண்டு நிமிடம். அரை மணிக்கு ஒரு முறை நான் இதைச் செய்கிறேன்.

கட்டிலுக்கு மாற ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். எங்கள் ஊர் ஆசாரி இரண்டரை அடி நீளத்தில் செய்து, முனையை உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். கட்டில் கால்களுக்குக் கட்டை வைத்து வீல்சேர் உயரத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் தோலோடு பலகையில் நகராதீர்கள், தோல் உரிந்துவிடும்.

வயதானால் தோலும் மெலியும். முன்பு பத்து நாளில் ஆறிய புண் எனக்குப் போன வருடம் நான்கு மாதம் எடுத்தது. ராத்திரி கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கறுத்திருக்கிறதா, புறங்கைக்குச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது மாறும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது.

அப்புறம் வெயில். தண்டுவடம் அடிபட்ட இடத்துக்குக் கீழே நமக்குச் சரியாக வியர்க்காது, சூடும் தெரியாது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து தொடை கொப்பளித்துப்போனது எனக்கு. கத்திரி வெயிலில் ஈரத்துண்டு இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

கல்யாணம், பயணம் என்றால் தண்ணீரைக் குறைக்கிறோம், தப்பு. கிருமியும் கல்லும் அப்படித்தான் சேரும். சிறுநீர் எடுக்கும் டியூப் கூடுதலாக இரண்டு எடுத்துப் போங்கள். வருடம் ஒரு தடவை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் இல்லையே என்று நானும் ஒரு தடவை ஆறு வருடம் விட்டுவிட்டேன். பார்த்தபோது சிறுநீர்ப்பையில் நெல்லிக்காய் அளவு கல்.