மேட்ச் கிடைக்கவில்லையா? அமெரிக்க ரெசிடென்சிக்கு மறுபடி விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 10 மணிக்கு (இந்தியாவில் இரவு 7.30) ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இடங்களுக்கு விண்ணப்பதாரர்களைப் பொருத்தும் 'மேட்ச்' முறையை நடத்தும் என்ஆர்எம்பி ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்: இடம் கிடைத்ததா, இல்லையா. 2025இல் அமெரிக்க எம்.டி. (அங்கே இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களில் 58 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. இது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. ஆர்த்தோ (எலும்பு மூட்டு), டெர்ம் (தோல்), நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி, இஎன்டி என்று போட்டி கடுமையான துறைகளில் நல்ல மதிப்பெண் உள்ளவர்களும் வெளியே நிற்பது வழக்கம். அதிலிருந்து மீண்டு அடுத்த ஆண்டு உள்ளே போகிறவர்களும் உண்டு. மீள முடியாதவர்களைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் இரண்டு: அந்த வாரத்தில் அவசரமாகச் செய்யும் காரியங்களும், எதனால் தவறியது என்று தெரியாமலே அடுத்த ஓராண்டை எதிலாவது போடுவதும்.

சோப் வாரம்

நிரம்பாத இடங்களுக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாட்டைச் சோப் என்கிறார்கள். இடங்களின் பட்டியல் திங்களன்றே வந்துவிடும். ஈராஸ் என்ற இணைய விண்ணப்பத் தளம் மூலம் அதிகபட்சம் 45 புரோகிராம்களுக்கு (மருத்துவமனைகள் துறைவாரியாக நடத்தும் ரெசிடென்சிப் பயிற்சிகள்) விண்ணப்பிக்கலாம், தனிக் கட்டணம் கிடையாது. வியாழக்கிழமை காலை 9 மணிக்கு முதல் ஆஃபர் சுற்று தொடங்கும். மொத்தம் நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் பதில் சொல்ல இரண்டு மணி நேரம். மறுத்துவிட்டாலோ, நேரத்தைத் தவறவிட்டாலோ அந்தப் புரோகிராமிலிருந்து மறுபடி ஆஃபர் வராது. இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கடைசிச் சுற்றுகள் நள்ளிரவைத் தாண்டும். தூங்கிப்போய் ஆஃபரை இழப்பதைப் போன்ற வீண் இழப்பு வேறில்லை.

இங்கே நடக்கும் மிக ஆபத்தான தவறு, புரோகிராமுக்குப் போன் செய்வது. சோப் முடியும்வரை முதல் தொடர்பு புரோகிராம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் அழைத்த பிறகு பேசலாம், அதற்கு முன் மின்னஞ்சல்கூட அனுப்பக் கூடாது. உங்களுக்காக வேறொருவர் பேசினாலும் விதிமீறல்தான். "அந்த ஆஸ்பத்திரியில் நமக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறேன்" என்று மாமாவோ சித்தப்பாவோ நல்லெண்ணத்தில் கிளம்பினால் முதல் வேலையாகத் தடுத்துவிடுங்கள். வியாழன் மாலை சோப் முடிந்த பிறகும் மிஞ்சும் இடங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அப்போது யாரை வேண்டுமானாலும் நேரடியாக அணுகலாம்.

இரண்டாவது, விரும்பிய துறை சோப்பில் கிடைக்கும் என்று காத்திருப்பது. 2023இல் எமர்ஜென்சி மெடிசினில் 554 இடங்கள் காலியாக இருந்தது விதிவிலக்கு. ஆர்த்தோவோ டெர்மோ பட்டியலில் தலைகாட்டுவது அபூர்வம். வழக்கமாக மிஞ்சுவது ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ், ஓராண்டு மட்டுமே உள்ள சர்ஜரி பிரிலிம் போன்றவை. எனவே "சின்ன வயதிலிருந்தே எலும்பு மூட்டுதான் என் கனவு" என்று தொடங்கும் அதே கடிதத்தை ஃபேமிலி மெடிசினுக்கு அனுப்பினால் முதல் பத்தியோடு வாசிப்பு நின்றுவிடும். ஈராஸில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேறு வேறு பர்சனல் ஸ்டேட்மென்ட்டை இணைக்க முடியும். இன்டர்வியூ எண்ணிக்கை குறைவாக இருக்கும் யாரும் பிப்ரவரியிலேயே மாற்றுத் துறைக்கு ஒரு கடிதமும், பிரிலிமுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்க வேண்டும். திங்கள் இரவு எழுதும் கடிதத்தில் அழுகை தெரியும்.

கப்பிள்ஸ் மேட்சில் ஜோடியாகச் சேர்ந்து விண்ணப்பித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோப்பில் அந்த இணைப்பு கிடையாது. ஒருவருக்கு ஒரு மாநிலம், இன்னொருவருக்கு வேறு மாநிலம் என்று ஆகலாம்.

மூன்றாவது, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு பிறகு விட்டுவிடலாம் என்ற எண்ணம். சோப் ஆஃபரை ஏற்றால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். விலக்குப் பெறாமல் சேராமலிருந்தாலோ, சேர்ந்து 45 நாளுக்குள் விலகினாலோ என்ஆர்எம்பி நடவடிக்கை எடுக்கும், அது அடுத்தடுத்த மேட்சுகளையும் பாதிக்கும். இதோடு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கணக்கும் ஒன்று இருக்கிறது. ரெசிடென்ட்டுக்காக ஆஸ்பத்திரிக்கு அரசு தரும் நேரடிப் பயிற்சி நிதி, நீங்கள் முதலில் சேரும் துறையின் கால அளவை வைத்தே முடிவாகிறது. மூன்றாண்டு ஃபேமிலி மெடிசினில் சேர்ந்துவிட்டுப் பின்னால் ஐந்தாண்டு ஆர்த்தோவுக்கு மாறினால், அந்த மூன்றாண்டைத் தாண்டிய காலத்துக்கு நேரடி நிதி பாதியாகக் குறையும். மாறவே முடியாது என்பதல்ல, ஆனால் சில புரோகிராம்கள் இதையும் பார்க்கும். பல துறைகளைச் சுற்றிவரும் ஓராண்டுப் பயிற்சியான டிரான்சிஷனல் இயரில் சேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கணக்கு அடுத்த ஆண்டில் சேரும் துறையை வைத்துத்தான் தொடங்கும்.

எங்கே உடைந்தது?

ஏப்ரலில் செய்ய வேண்டிய முதல் வேலை இது. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். "ரிசர்ச் இயர் போடு" என்று நாலு பேர் சொன்னதும் போட்டுவிடுகிறார்கள்.

எத்தனை இன்டர்வியூ வந்தது என்று பாருங்கள். ஒன்றிரண்டுதான், அல்லது ஒன்றுமே இல்லை என்றால் விண்ணப்பம் வடிகட்டலிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரி முதல் பாஸ், ஃபெயில் மட்டும் என்றாகிவிட்டதால் ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணின் கனம் கூடிவிட்டது. ஒருமுறை பாஸான ஸ்டெப் தேர்வை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. குறைந்த சிகே மதிப்பெண் நிலையாக உங்களுடனேயே வரும், ஓராண்டு ஆராய்ச்சி அதை அழிக்காது. அந்த நிலையில் டெர்முக்கே மறுபடி போவதா, துறையை மாற்றுவதா என்ற கேள்வியை இப்போதே நேருக்கு நேர் பார்ப்பது நல்லது.

பத்துப் பன்னிரண்டு இன்டர்வியூ போயும் கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. காகிதத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள். பிரச்சினை பேச்சில் இருக்கலாம், அல்லது பரிந்துரைக் கடிதம் ஒன்று மந்தமாக இருக்கலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்திருப்பீர்கள் என்பதால் உங்களால் படிக்க முடியாது. உங்கள் பக்கம் நிற்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் தன் கண்ணால் படித்து, "இதை மாற்று" என்று மட்டும் சொன்னால் போதும். இப்படிப்பட்டவர் ஆராய்ச்சியில் ஓராண்டைப் போட்டுவிட்டு, அதே கடிதத்தோடும் அதே பேச்சோடும் திரும்பி வந்தால் முடிவும் அதேதான்.

யாரிடம் கேட்பது? சக மாணவர்களிடம் அல்ல. உங்கள் கல்லூரியின் அதே துறை புரோகிராம் டைரக்டர், டீன் அலுவலக ஆலோசகர், அவே ரொட்டேஷன் (வேறு மருத்துவமனையில் மாணவராகச் செய்யும் சில வாரப் பயிற்சி) செய்த இடத்தில் உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஆகியோரிடம், மேட்ச் வாரப் பரபரப்பு அடங்கிய பிறகு கேளுங்கள். "நான் என்ன செய்ய வேண்டும் சார்?" என்றால் இனிப்பான பதில்தான் வரும். "என் விண்ணப்பம் முன்பின் தெரியாத ஒருவருடையதாக உங்கள் மேசைக்கு வந்தால், எதைப் பார்த்து ஒதுக்குவீர்கள்?" என்று கேளுங்கள்.

அந்த ஓராண்டு

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு முதலில் வரும் தேர்வு, பட்டம் வாங்குவதா, ஓராண்டு தள்ளிப்போடுவதா என்பது. பட்டமளிப்பு மே மாதத்தில் என்பதால் யோசிக்கச் சில வாரங்களே இருக்கும். மாணவராக நீடித்தால் விஎஸ்எல்ஓ என்ற மாணவர் விண்ணப்பத் தளம் மூலம் அவே ரொட்டேஷன்கள் செய்யலாம். பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கதவு மூடிவிடும். பழைய பட்டதாரிகள் மேட்ச் ஆகும் வீதமும் இறுதியாண்டு மாணவர்களைவிட வெகுவாகக் குறைவு. மறுபக்கம், கல்லூரிக் கட்டணம் உண்டு, பட்டம் இல்லாமல் ஸ்டெப் 3 எழுத முடியாது, ஜூலையில் வேலை தொடங்கத் தகுதி இல்லாததால் சோப்பும் கிடையாது. அதனால் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் திங்களன்றே டீன் அலுவலகத்தில் பேசுங்கள். சோப்பில் இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு பேசிப் பயனில்லை.

ரிசர்ச் இயர் பெரும்பாலும் காலக்கணக்கில் தோற்கிறது. ஜூலையில் சேர்ந்தால், செப்டம்பர் இறுதியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும்போது கையில் எதுவும் இருக்காது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே பல வாரம் போய்விடும். எனவே ஏப்ரல், மே மாதத்திலேயே சேரப் பாருங்கள், தரவு ஏற்கெனவே திரட்டி முடித்த திட்டமாகக் கேட்டு வாங்குங்கள். சேரும் முன் மூன்றைக் கேட்க வேண்டும்: இதற்கு முன் இங்கே இருந்த ரிசர்ச் ஃபெலோக்கள் எங்கே மேட்ச் ஆனார்கள்? வழிகாட்டி ரெசிடென்ட் தேர்வுக் குழுவில் இருக்கிறாரா? கிளினிக், கான்ஃபரன்ஸ் பக்கம் போக வாய்ப்புண்டா? ரெசிடென்சியே இல்லாத இடத்தில் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, உங்களைத் தினமும் பார்க்கும் துறையில் மூன்று கட்டுரை எழுதுவது மேல். அனுப்பிய கட்டுரையை "ஏற்கப்பட்டது" என்று போடாதீர்கள். சரிபார்ப்பது எளிது, பிடிபட்டால் மீள்வது கடினம்.

பிரிலிம் இன்டர்ன் வருஷம் இன்னொரு வழி. சர்ஜரி பிரிலிமில் இரண்டாம் ஆண்டு உறுதி இல்லை என்பதைத் தெரிந்தே சேர வேண்டும். அங்கும் காலக்கணக்குதான் பொறி. ஜூலை 1 சேர்கிறீர்கள், செப்டம்பரில் விண்ணப்பம். புதுக் கடிதம் சம்பாதிக்க எட்டு, பத்து வாரம்தான். ரொட்டேஷன் அட்டவணை போடும்போதே சீஃப் ரெசிடென்ட்டிடம் பேசி, விரும்பிய துறையை ஜூலை, ஆகஸ்டில் வாங்குங்கள். புரோகிராம் டைரக்டரிடம் விஷயத்தை மறைப்பது பெரிய பிழை. இப்போதைய டைரக்டரின் கடிதம் இல்லாத விண்ணப்பம் உடனே சந்தேகத்தைக் கிளப்பும், இன்டர்வியூவுக்கு லீவும் அவர்தான் தர வேண்டும். டெர்ம், ரேடியாலஜி, அனஸ்தீசியா போன்ற துறைகளில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்காகவே 'ஆர்' வகை இடங்கள் சில இருக்கின்றன. மேட்ச் ஆன அதே ஆண்டு ஜூலையில் தொடங்கும், நடுவில் ஓராண்டு வீணாகாது. பலர் தேடிப் பார்ப்பதே இல்லை.

மிசௌரி மாநிலம் 2014இல் கொண்டுவந்த அசிஸ்டன்ட் ஃபிசிஷியன் உரிமம் போன்றவை மேட்ச் ஆகாதவர்களுக்கு வேலை தரும். ஆனால் அது ரெசிடென்சியாகக் கணக்கில் வராது, துறை நிபுணர் சான்றுக்கான போர்டு தேர்வுக்கும் வழி திறக்காது.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

சிஆர்ஆர்ஐ (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) முடித்து ஆண்டு கூடக்கூட வடிகட்டல் இறுகும். பல புரோகிராம்கள் பட்டம் பெற்ற ஆண்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. எனவே அந்த ஓராண்டில் நோயாளிகளைத் தொடாமல் இருப்பது தவறு. ஊரிலேயே டியூட்டி டாக்டராக வேலை பார்த்தாலும் அது பதிவாகும். அமெரிக்காவில் அப்சர்வர்ஷிப்புகளை அடுக்குவதால் பலன் குறைவு. "கூடவே நின்று கவனித்தார்" என்பதைத் தாண்டி எழுத முடியாதவரின் கடிதம் யாரையும் நகர்த்தாது. ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்து, கேஸ் விவாதங்களில் பேசி, உங்களை அறிந்தவரிடம் வாங்கும் ஒரு கடிதம் நாலு கடிதத்துக்குச் சமம்.

ஸ்டெப் 3 இரண்டு நாள் தேர்வு. எச்-1பி விசாவில் சேர வேண்டுமென்றால் இது கட்டாயம். ஆனால் 2025 செப்டம்பர் அதிபர் அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்ததால், எச்-1பியை மட்டும் நம்பிப் புரோகிராம் பட்டியல் போடுவது ஆபத்து. ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) வழியில் போகிறவர்கள் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட் என்ற சான்று வாங்க வேண்டும். மார்ச்சில் மேட்ச் ஆகி ஜூலையில் சேர்வதற்குள் முடிக்க வேண்டிய காகிதம் அது.

மறு விண்ணப்பம்

பழைய விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்புவது கண்ணுக்குத் தெரியும். சென்ற ஆண்டு உங்களை நிராகரித்தவர்களே மறுபடி படிக்கக்கூடும். பர்சனல் ஸ்டேட்மென்ட் புதிதாக இருக்கட்டும், தோல்வியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதங்களே போகும் என்பதால் அவற்றில் குறைந்தது இரண்டு இந்த ஆண்டில் எழுதியவையாக இருப்பது நல்லது.

சிக்னல்களை, அதாவது ஒரு புரோகிராம்மீது தனி ஆர்வம் உண்டு என்று விண்ணப்பத்தோடு காட்டும் குறிப்புகளை, விரயம் செய்வதும் சகஜம். ஆர்த்தோவில் 30 சிக்னல்கள் உண்டு. இத்தனை இருக்கும் துறையில், சிக்னல் அனுப்பாத புரோகிராம் உங்களை அழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிக்னல் இல்லாமல் கூடுதலாக நூறு இடத்துக்குப் பணம் கட்டுவதைவிட, சிக்னல் போகும் இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்ற ஆண்டு சிக்னல் அனுப்பியும் அழைக்காத இடங்களுக்கு, இடையில் ஏதும் மாறவில்லை என்றால், மறுபடி அனுப்பாதீர்கள்.

இரண்டாவது முறை விண்ணப்பிப்பவர் மாற்றுத் துறை ஒன்றையும் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ரேங்க் பட்டியலில் மாற்றுத் துறையைக் கீழே போட்டால் மேலே உள்ளது கிடைக்காமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். 1998 முதல் இயங்கும் மேட்ச் கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையிலிருந்து தொடங்குகிறது. கீழே எத்தனை சேர்த்தாலும் மேலே உள்ள இடத்துக்கான வாய்ப்பு குறையாது. போக மனமே இல்லாத புரோகிராமை மட்டும் சேர்க்காதீர்கள், கிடைத்தால் போயே ஆக வேண்டும். கடைசித் தேதிக்கு முன் பட்டியலைச் சர்டிஃபை செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். சேமித்து மட்டும் வைத்த பட்டியல் மேட்சில் கணக்கில் வராது.