சேர்வராயன் மலையில் பேய்க்கதை நடை: வழிகாட்டிகளும் வருபவர்களும் செய்யும் தவறுகள்

சேலத்துப் பேய்களைப் பற்றி இணையத்தில் ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது நம் சேலம் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே பெயரோடு இருக்கும் கடற்கரை ஊர். 1692இல் அங்கே சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில், வழிகாட்டியோடு இருட்டில் நடந்தபடியே பேய்க்கதை கேட்கும் ஓர் இரவு நடையில் நான் கலந்துகொண்டபோது, வழிகாட்டி இளைஞர், சேலத்தில் அந்தக் காலத்தில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்று மிக அமைதியாகச் சொன்னார். கூட்டத்தில் பாதிப்பேர் சேலத்துக்காரர்கள், ஒருவரும் மறுக்கவில்லை. அந்தச் சேலத்திலும் யாரையும் எரிக்கவில்லை என்பதைச் சொல்லி அவருடைய வருமானத்தைக் கெடுக்க எனக்கும் அன்று மனம் வரவில்லை.

அந்த ஊர்க்காரர்களே இடத்தைத் தவறவிட்டவர்கள்தாம். தூக்கிலிட்ட இடம் ஒரு குன்றின் உச்சி என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது; உண்மையான இடம் அதன் அடிவாரத்தில் வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு பாறைத்திட்டு என்பதை 2016இல்தான் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள், மறுவருடம் அங்கே நினைவிடம் எழுந்தது. இறந்தவர்களுக்கு இடமும் பெயரும் சரியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கறைப்பட்டார்கள். நம் மலையில் நடக்கும் பேய்க்கதை நடைகளில் நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இந்த அக்கறை இல்லாததால் வருபவை. இங்கே இறந்துபோனவர்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். சில வேளைகளில் அவர்கள் அடுத்த வளைவில் காப்பிச் செடிக்கு நடுவே நின்று நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருமுறை நடந்தது. எஸ்டேட் ஓரமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில், சில்வர் ஓக் மரத்தடியில், மஞ்சள் பூசிய மூன்று கற்கள் இருந்தன. வழிகாட்டி அவற்றின்மேல் டார்ச் அடித்து, இரவில் இவற்றைத் தொட்டவர் ஊர் திரும்பியதில்லை என்று தொடங்கினார். சும்மாட்டின் மேல் விறகுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி நின்று, "பேயெல்லாம் இல்ல தம்பி, அது எங்க ஊட்டுச் சாமி. செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார். பதினைந்து பேரும் செருப்பைக் கழற்றினோம். அந்தக் கற்கள் யார், எப்போது நட்டது, எந்த மாதத்தில் பொங்கல் வைப்பது என்று அவரிடம் கேட்டிருந்தால் அன்றைய நடையின் மிகச் சிறந்த கதை கிடைத்திருக்கும். வழிகாட்டி கேட்கவில்லை. அடுத்த வளைவில் காத்திருந்த வெள்ளைச்சேலைப் பெண்ணிடம் எங்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாமியைப் பேயாக்குவதுதான் இந்த மலையில் செய்யக்கூடிய முதல் பெருந்தவறு. இறந்தவரைக் கல்லாக நட்டு வழிபடும் வழக்கம் இந்த வட்டாரத்தில் மிகப் பழையது; சேலம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் அதற்குச் சாட்சி. முனியப்பன் அரிவாளும் உருட்டு விழியுமாக உட்கார்ந்திருப்பது வழிப்போக்கரைப் பயமுறுத்த அன்று, ஊரைக் காக்க. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்றும், பெரியண்ணன் வழியினர் சேர்வராயனிலும் மற்ற இருவர் வழியினர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்றும் சொல்லிவருகிறார்கள். பெயரை வைத்து அவர்களைக் கேரளத்தார் என்று அறிமுகப்படுத்துகிற வழிகாட்டிகளும் உண்டு. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. சேர்வராயன் குகைக்கோயிலை 'மர்மக் குகை' என்று அறிவிப்பதும் இதே வகைதான். மே மாதத் திருவிழாவில் மலைக் கிராமங்கள் அத்தனையும் திரளும் கோயில் அது.

ஒரு சாமிக்குள் இன்னொரு கதை இருப்பதும் உண்டு. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொல்ல, சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தலை வெட்டுண்ட முனி என்று அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒரு ரத்தக் கதை சொல்வது எளிது. பௌத்தம் இருந்த ஊரில் புத்தர் முனியப்பனாக மாறி மாலை வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அதைவிடப் பல மடங்கு சிலிர்ப்பைத் தரும் செய்தி.

அடுத்த தவறு காலக்கணக்கு. முந்நூறு வருடத்துப் பங்களா என்று ஒருவர் சொன்னால் உடனே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சேலமும் பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1792இல், திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில். மலைமேல் வெள்ளைக்காரர்கள் குடியேறிக் காப்பி பயிரிடத் தொடங்கியது 1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது. ஆகையால் இந்த மலையில் 1820க்கு முந்தைய துரைப்பேய் எதுவும் இருக்க வழியில்லை. லேடீஸ் சீட் என்ற இடத்தில் ஒரு சீமாட்டி அமர்ந்து மாலை வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். அவளை அங்கிருந்து குதிக்கவைத்தவர்கள் பின்னால் வந்த வழிகாட்டிகள். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஏறக்குறைய எல்லா வளைவிலும் வெள்ளைச் சேலை நிற்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அதே சேலைதான், அதே மல்லிகைதான். எந்த ஊருக்கும் பொருந்துகிற கதை எந்த ஊருடையதும் அன்று.

இதைச் சரிபார்ப்பது அவ்வளவு கடினமில்லை. சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்து அச்சிட்டார். சேலம் மாவட்டத்துக்கு ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர், அதாவது அரசின் மாவட்ட விவர நூல், 1918இல் வந்தது. ஒரு பெயரையும் ஒரு வருடத்தையும் அவற்றில் தேடிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிற வழிகாட்டிக்கு, கற்பனைக்கான தேவையே பாதி குறைந்துவிடும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் பேய்க்கதைகளில் செத்துப் பேயாவதற்குத் துரைக்கும் துரைசானிக்கும் மட்டுமே உரிமை இருப்பதுபோல் தெரிகிறது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. காடு வெட்டிக் காப்பி வைத்த கூலிகள் காய்ச்சலில் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, நடையில் ஒரு நிமிடமும் இல்லை. அதற்காக அவர்களைப் பேயாக்கச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று உள்ளதைச் சொல்லலாம். இருட்டில் அது போதும்.

எல்லாச் சாவும் கதைப்பொருள் அன்று என்பதையும் மறக்கக் கூடாது. சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இன்றும் அந்த நாளில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு அன்று அங்கே மாலையிட வருகிறவர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராக நினைக்கிறவர்கள். நள்ளிரவில் சங்கிலிச் சத்தம் கேட்கிறது என்று இந்த இடங்களில் சொல்வது பொய் மட்டுமல்ல, அவமதிப்பு. அண்மையில் நடந்த தற்கொலைகளையும் விபத்துகளையும் பெயர் சொல்லாமல்கூட எடுக்கக் கூடாது. மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் செய்யும் தவறுகள் தனி ரகம். மதில் தாழ்வாக இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. அடக்கம் செய்த இடத்துக்குள் பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் அத்துமீறலுக்கு வேறு பிரிவு இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் வனத்துறை வரும். ஆலயப் பொறுப்பாளரிடம் இரண்டு நாள் முன்னதாக நேரில் போய்க் கேட்டால், அவர்களே சாவியோடு வந்து நின்று கூடுதலாக நாலு செய்தி சொல்வதும் உண்டு. ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் மனித வரலாற்றைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர் அவர். ஓய்வுக்காலத்தில் இந்த மலையில் வாழ்ந்தார். பேய் தேடி வந்த கூட்டம் அவரைக் கடந்து போவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

எழுத்து மங்கிய கல்லைப் படிப்பதற்காகச் சிலர் சுண்ணக்கட்டியைத் தேய்க்கிறார்கள், மாவு பூசுகிறார்கள், ஒருவர் கம்பிப் பிரஷ்ஷையே எடுத்தார். நூறு வருட மழை செய்யாத சேதத்தை அது ஒரே இரவில் செய்துவிடும். டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லின் பக்கவாட்டில் ஒட்டிவைத்துச் சாய்வாக அடித்தால் போதும். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, பகலில் படிக்க முடியாத வரியும் இரவில் எழுந்து நிற்கும். அப்படி ஒரு சிறிய கல்லில் முதலில் ஒரு பெண்பெயர் வந்தது, பிறகு ஒரு வருடம், கடைசியாகப் பதினொரு மாதம் என்ற வயது வந்தது. அதன் பிறகு கூட்டத்தில் யாரும் செல்பி கேட்கவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஒருவர் செல்போன் விளக்கை ஒருமுறை முகத்துக்கு நேரே காட்டினால் அத்தனையும் வீண். வழிகாட்டியிடம் ஒரு விளக்கு, கடைசியில் வருபவரிடம் ஒரு விளக்கு, இரண்டுக்கும் சிவப்புக் கண்ணாடித்தாள், அவ்வளவு போதும். விளக்கில்லாத இடத்தில் காது திறந்துகொள்ளும். ஓட்டின்மேல் மரநாய் நடப்பது ஆள் நடப்பதுபோலவே இருக்கும். கேளையாடு குரைப்பதை நாய் என்று நினைத்தால் தப்பு. நாய் இல்லாத காட்டில் அதைக் கேட்பவருக்கு முதுகு சில்லிடும். கூகையின் கீச்சுக் குரலைச் சாக்குருவி என்று பாட்டிமார் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பகலில் சூடேறிய தகரக் கூரை இரவில் சுருங்கி டக் டக்கென்று சத்தமிடும். இவற்றுக்கு விளக்கம் சொன்னால் சுவை போய்விடும் என்று வழிகாட்டிகள் அஞ்சுகிறார்கள். முதலில் கேட்கவிட்டு, அரை நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு சொன்னால் சுவை கூடத்தான் செய்கிறது.

போர்வை போர்த்திய ஆளைப் புதரில் ஒளித்துவைத்துப் பாயவைப்பது தவறுகளிலேயே மட்டமானது. நான் போன ஒரு நடையில் அப்படி ஒருவர் பாய்ந்ததும் ஓர் அம்மா பின்வாங்கிச் சரிவில் கால் பிசகி விழுந்தார், கணுக்கால் வீங்கிவிட்டது. பாய்ந்தவர்தான் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்து, அம்மா மன்னிச்சிருங்கம்மா என்று அழாக்குறையாக நின்றார். எலும்பு முறிந்திருந்தால் அந்த இருபது வளைவுகளும் இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை யாராவது வந்திருக்கிறார்களா என்று தொடக்கத்திலேயே கேட்காத நடையில் சேர வேண்டாம்.

வருபவர்களும் சளைத்தவர்கள் அல்லர். செருப்போடு வருவார்கள், கட்டுவிரியன் ஊர்வது இரவில்தான். குடித்துவிட்டு வருவார்கள். காட்டெருமை சாலைக்கு வந்தால் படம் எடுக்க நெருங்குவார்கள். பேய் எதுவும் செய்யாது, காட்டெருமை செய்யும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் முன்னே போகிறவர் தெரியாது என்பதால், அன்று பாதையைச் சுருக்குகிற வழிகாட்டியிடம் காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அவர் தொழில் தெரிந்தவர்.

நடையை மிகப் பயங்கரமான இடத்தில் முடித்துவிட்டு அவரவர் போகலாம் என்று சொல்வது கடைசித் தவறு. இங்கிலாந்தின் யார்க் நகரில் பேய்க்கதை நடைகள் 1973 முதல் நடந்துவருகின்றன. அந்த நாட்டில் இத்தகைய நடைகள் பெரும்பாலும் பழைய மதுக்கடை ஒன்றில் தொடங்கும், அல்லது முடியும். நமக்கு டீக்கடை இருக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் விளக்கெரியும் ஒரு கடையில் எல்லாரையும் உட்காரவைத்து, தலையை எண்ணி, மிளகாய் பஜ்ஜிக்குச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அதுவரை வாய் திறக்காத ஒருவர், பெரும்பாலும் கடைசியில் வந்தவர், கண்ணாடிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பிச்சி இதே எஸ்டேட்லதாங்க ரைட்டரா இருந்தாரு" என்று ஆரம்பிப்பார். அதற்கு வழிகாட்டியின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும்.